பத்தடித் தொட்டி

ஜூலை 18, வியாழன்

ரஞ்சி வந்துவிட்டாள். கல்யாணமாகி முதல் ஆடி. மாப்பிள்ளையையும் சேர்த்து அழைத்து விருந்து போடுவதுதான் முறை. அவருக்கு ஈரோட்டில் மில் வேலை தலைக்கு மேல் இருக்கிறதாம். "மன்னிச்சுக்குங்க மாமா, அடுத்த வாட்டி கண்டிப்பா வர்றேன்" என்று போனில் அவ்வளவு பணிவு. இந்தக் காலத்தில் மாமனாரிடம் இப்படிப் பேசும் பையன் எங்கே கிடைப்பான்?

பஸ்ஸில் தனியாக வந்தாள். கையில் மூன்று பெட்டி. "ஒரு மாசத்துக்கு மூணு பொட்டி எதுக்கு கண்ணு?" என்று ருக்மணி கேட்டாள். "புக்குங்கம்மா" என்றாள். எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்தவள், புத்தகம் இருக்கத்தான் செய்யும். ருக்மணி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

ஆவணி முதல் தேதி கொண்டுபோய் விட வேண்டும். பேரிங் கடைக்காரர் கொடுத்த இந்த டைரியில் வழக்கமாக எந்த மோட்டாருக்கு என்ன வைண்டிங் என்றுதான் எழுதுவேன். இதையும் மறக்காமல் குறித்து வைக்கிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

இந்தப் பெண்ணுக்கு என்னவோ மரியாதை கூடிப்போய்விட்டது. முன்பெல்லாம் சாப்பிட்ட தட்டை நகர்த்தக்கூட மாட்டாள். இப்போது எங்கள் தட்டையும் சேர்த்துக் கழுவுகிறாள். "ஃபேன் போட்டுக்கட்டுங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறாள். மாமியார் நன்றாகப் பழக்கியிருக்கிறார் என்று ருக்மணியிடம் சொன்னேன். "பழக்கியிருக்காங்க, பழக்கியிருக்காங்க" என்று அவள் பாத்திரத்தை டொம்மென்று வைத்தாள்.

சாயங்காலம் ரஞ்சி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, நம்ம ஹால்ல ஒரு மீன் தொட்டி வெச்சுக்கட்டுங்களா?" வந்த நாளிலிருந்து அவள் வாய்திறந்து கேட்ட முதல் விஷயம். வைத்துக்கொள் சாமி என்றேன். டீப்பாய் மேல் வைக்கிற சமாசாரம் என்று நினைத்துவிட்டேன்.

பிறகுதான் படம் வரைந்து காட்டினாள். பத்தடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம்.

"கண்ணு, இது தொட்டியா, பஸ்ஸா?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். "வேண்டான்னா விட்டர்லாங்கப்பா" என்று அவசரமாகப் படத்தை மடிக்கத் தொடங்கிவிட்டாள். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. படத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். முப்பது வருடமாகப் பம்பு செய்கிறவன் வீட்டில் தண்ணீருக்கா தட்டுப்பாடு என்று வீறாப்பாகச் சொன்னேன். தட்டுப்பாடுதான். கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது.

ஜூலை 29, திங்கள்

தொட்டி நிறைந்தால் இரண்டரை டன்னுக்கு மேல் எடை. ஸ்டாண்டை நானே பட்டறையில் வெல்டிங் செய்தேன். யானை ஏறி நின்றாலும் அசையாது. பட்டறைப் பையன்கள் "மொதலாளி, மேல என்ன பாலம் வருதுங்களா?" என்று கிண்டல் செய்தார்கள்.

சோபா மாடிக்குப் போய்விட்டது. கண்ணாடிக்காரர் வந்து அளந்து பார்த்தார். ஒட்டிய தொட்டி எங்கள் வாசலில் நுழையாது. கண்ணாடியைத் தனித்தனிப் பலகையாகக் கொண்டுவந்து ஹாலுக்குள்ளேயே வைத்து ஒட்ட வேண்டும். "பின்னாடி எடுக்கோணும்னா?" என்று ருக்மணி கேட்டாள். "எடுக்க முடியாதுங்கக்கா. ஒடச்சுத்தான் எடுக்கோணும்" என்றார் அவர். ருக்மணி ரஞ்சியைப் பார்த்தாள். ரஞ்சி தரையில் சாக்பீஸால் அளவு போட்டுக்கொண்டிருந்தாள்.

ராத்திரி சாப்பாட்டின்போது ருக்மணி என்னிடம், "உங்களுக்கு ஒண்ணுமே புரியலீங்களா?" என்றாள். எனக்குப் புரிந்தது ஸ்டாண்டின் எடை, கண்ணாடியின் கனம். அதைச் சொன்னேன். எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

நாள் பார்த்து இன்று தண்ணீர் விட்டோம். ருக்மணி மஞ்சளும் பூவும் கொண்டுவந்தாள். "உள்ள போட்றாதீங்கம்மா!" என்று ரஞ்சி ஓடிவந்து தடுத்தாள். வெளியே கண்ணாடிக்கு ஒரு பொட்டு மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

ஆழ்குழாயைத் தொடவில்லை. அது உப்பு. எங்கள் பக்கம் கார்ப்பரேஷன் குழாயில் வருவது பில்லூர் அணைத் தண்ணீர். மாடித் தொட்டியில் ஒருநாள் நிறுத்தி வைத்து, குளோரின் போன பிறகு ஓஸ் வழியாக விட்டோம். அடியில் பரப்பியிருந்த ஆற்றுக்கூழாங்கல் ஒவ்வொன்றாக நனைந்து நிறம் மாறியது. சாம்பல் கல் பச்சையானது, வெளுத்த கல் சிவப்பானது. இவ்வளவு நாள் அந்த நிறத்தையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தனவோ.

நான் தண்ணீரை மேலே ஏற்றியே பிழைத்தவன். நூறு அடிக் கிணற்றிலிருந்து, ஆயிரம் அடி ஆழ்குழாயிலிருந்து. என் கை பட்ட தண்ணீரெல்லாம் ஓடிப்போய்விட்ட தண்ணீர். நின்று என் முகத்துக்கு நேராக என்னைப் பார்த்த தண்ணீர் இதுதான். பத்தடி நீளத்துக்கு ஒரு சத்தமில்லாமல் நின்றது. வேட்டி நனைந்தது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொட்டிக்கு அந்தப்பக்கம் ரஞ்சி நின்றாள். தண்ணீர் வழியாகப் பார்க்க அவள் முகம் சின்ன வயதில் இருந்த மாதிரி அகலமாகத் தெரிந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மானம் போன நாள். வடிகட்டிக்குப் பம்பு என் பொறுப்பு என்று மார்தட்டி, பட்டறையிலிருந்து ஒரு ஹெச்.பி. மோனோபிளாக்கைக் கொண்டுவந்து மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து தண்ணீர் எகிறிச் சுவர்க் கடிகாரத்தை அடித்தது. ருக்மணி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

ரஞ்சி சிரித்தாள். சத்தமாக இல்லை. ஆனால் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரோ வந்துவிட்ட மாதிரி. யாரும் வரவில்லை.

அப்புறம் விளக்கினாள். மேல்தொட்டித் தண்ணீர் தானாக வழிந்து ஸ்டாண்டுக்கு அடியில் உள்ள கீழ்த்தொட்டிக்கு இறங்க வேண்டும். அங்கே ஸ்பாஞ்ச், பிறகு வெள்ளை வெள்ளையாகப் பீங்கான் வளையங்கள், அதைத் தாண்டி ஒரு சின்னப் பம்பு, மறுபடி மேலே. "வேகம் வேண்டாங்கப்பா. நிக்காம போகோணும், அவ்வளவுதான்." வேகம் வேண்டாம் என்று என்னிடம் இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. உட்கார்ந்து பம்புக்குள் சுழலும் இம்பெல்லரைக் குறைத்துக் குறைத்து, சாயங்காலம் ஒருவழியாக அவள் கேட்ட ஓட்டத்தைக் கொண்டுவந்தேன். ஹாலுக்குள் ஒரு ஆறு. கடிகாரம் நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 10, சனி

மீன் இல்லாத தொட்டிக்குத் தினமும் தீனி போடுகிறாள். வெறும் தண்ணீருக்கு! எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "பாப்பா நல்லாத்தானே இருக்குது?" என்று ருக்மணியிடம் காதோடு கேட்டாராம். ருக்மணி காபி கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

நானே கேட்டேன். மீன் விட்டால் அது கழிக்கும், தின்றது போக மிச்சம் அழுகும். அதிலிருந்து அம்மோனியா என்று ஒன்று கிளம்பும். மீனுக்கு அது விஷம். அந்த விஷத்தைத் தின்றே உயிர் வாழும் கிருமிகள் இருக்கின்றனவாம். அவை தாமாக வரும், எங்கிருந்து என்று கேட்கக் கூடாது, காற்றிலும் தண்ணீரிலும் எங்கும் இருக்கும். நாம் செய்ய வேண்டியது தீனி போட்டுவிட்டுக் காத்திருப்பது.

"எத்தன நாளு கண்ணு?"

"அதுங்களா வர்ற வரைக்குங்கப்பா. அவசரப்படுத்த முடியாது."

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. காலையிலேயே குழந்தைவேல் அண்ணன் போன். பெரியப்பா மகன், இந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்தவர். "எப்படா சென்னியப்பா புள்ளையக் கொண்டாந்து உடறே? அவங்க பெரிய எடம், தங்கமான மனுசங்க. ஒரு வார்த்தை கோவமாக் கேக்கல."

ரஞ்சியிடம் சொன்னேன். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமல், "தண்ணி இன்னும் ரெடியாகலீங்கப்பா" என்றாள்.

அதையே அண்ணனிடம் சொன்னேன். "என்னடா தண்ணி?" என்றார். தொட்டி வேலை முடியட்டுங்கண்ணா, பாதியில விட்டா கண்ணாடி போயிரும் என்று என்னவோ உளறினேன். ஏன் அப்படிப் புளுகினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

சொட்டு மருந்துக்குத் தண்ணீர் மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை, பச்சையானால் இருக்கிறது. மூன்று வாரமாகப் பச்சை. இன்று பச்சை வெளுத்து இன்னொரு குழாய் ஊதா ஆனது. ஒரு வகைக் கிருமி வந்து அம்மோனியாவைத் தின்று வேறொரு விஷமாக மாற்றிவிட்டதாம். அதைத் தின்ன இன்னொரு வகை வர வேண்டும். ஒருத்தன் எச்சில் இன்னொருத்தனுக்குச் சாப்பாடு.

தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. வெறும் தண்ணீர், அதில் கோடிக்கணக்கில் குடும்பம் நடக்கிறது. பட்டறையில் ஆயிரம் ரூபாய் பேரிங்கைக் கையில் உருட்டிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. இங்கே என் கண்ணுக்கு வேலையே இல்லை. கைகூப்பத் தோன்றியது. ருக்மணி பார்த்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

எல்லாக் குழாயும் மஞ்சள். இரண்டாவது வகைக் கிருமியும் வந்துவிட்டது. ரஞ்சி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அம்மா! அம்மா!" என்று கத்தினாள். ருக்மணி இட்லிக் கொப்பரையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். இரண்டு பேரும் ஏதோ பரீட்சை பாஸான மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பாலக்காட்டுப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து மீன் வந்தது. விரல் நீளம். வெள்ளி உடம்பு, கண்ணிலிருந்து பாதி உடம்பு வரை ரத்தச் சிவப்பில் ஒரு கோடு, அதற்குக் கீழே கறுப்புக் கோடு. மலையாற்று மீன். வியாபாரிகள் வைத்திருக்கும் பெயர் மிஸ் கேரளா. நூற்றுக்கு மேல்.

பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டாள். முதலில் ஒரு மூலையில் அடைந்து கிடந்தன. நாங்கள் மூவரும் மூச்சுக்கூட மெதுவாக விட்டோம். பிறகு ஒன்று வெளியே வந்து, என் பம்பு தள்ளும் ஓட்டத்துக்கு எதிரில் நின்று பார்த்தது. பின்னால் ஒன்று. திடீரென்று அத்தனையும். பத்தடி நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இழுபட்டு, அந்தக் கோடியில் மடங்கி, திரும்பி வந்தது. யார் சொல்லி எல்லாம் ஒரே சமயத்தில் திரும்புகின்றன?

ருக்மணி "முருகா" என்றாள். என் வாழ்நாளில் இப்படி ஒரு அழகு என் வீட்டுக்குள் நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ரஞ்சி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஒரு பார்ட்டிக்கு டெலிவரி தவறிவிட்டது. காலையில் மீன் பார்க்க உட்கார்ந்தவன் பதினொன்றுக்குத்தான் எழுந்தேன்.

அக்டோபர் 2, புதன்

அண்ணன் நேரில் வந்தார். தொட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தார். பிறகு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தார். விஜயதசமி முடிந்து பதினாலாம் தேதி திங்கட்கிழமை சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் அவர்களாகவே அழைக்க வருகிறார்கள். "இதுக்கு மேலயும் இழுத்தா ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. ரோசனை பண்ணிக்க." நியாயம்தான். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ரஞ்சியிடம் சொன்னேன். "சரிங்கப்பா." தீனி டப்பாவை மூடினாள். "இதுகள நான் பாத்துக்கறேன் சாமி, நீ கவலப்படாத" என்றேன். அதற்கும் "சரிங்கப்பா."

ருக்மணிதான் விடவில்லை. "அங்க என்னதான் கண்ணு கஷ்டம்? சொன்னாத்தான தெரியும். அடிச்சாங்களா?"

"இல்லீங்கம்மா. யாரும் கைய ஓங்கினதுகூட இல்ல. திட்ட மாட்டாங்க."

"பொறவு?"

"பேச மாட்டாங்கம்மா. அவருக்கு ஏதாச்சும் புடிக்கலீன்னா பேச்சை நிறுத்திருவாரு. வாரக்கணக்குல. அப்ப அந்த வீட்ல யாருமே பேச மாட்டாங்க. நான் நிக்கறதே தெரியாத மாதிரி போவாங்க, வருவாங்க. தட்டு வெக்கறப்ப எனக்கு மட்டும் வெக்க மாட்டாங்க. என்ன தப்புப் பண்ணுனேன்னு நானே கண்டுபுடிச்சு மன்னிப்புக் கேக்கோணும். தப்பாச் சொன்னா மறுபடியும் மொதல்ல இருந்து."

நான் குறுக்கிட்டேன். குடும்பம் என்றால் நாலும் இருக்கும், உங்கம்மாவும் நானும் பேசாமல் இருந்ததில்லையா, பேசாமல் இருப்பது ஒரு குற்றமா என்று கேட்டேன். பெரியவனாக லட்சணமாகத்தான் சொன்னேன். ரஞ்சி "இல்லீங்கப்பா" என்றாள். ருக்மணி இன்று எனக்குத் தட்டு வைக்கவில்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

எனக்கு வருடத்தில் ஒரு பண்டிகை என்றால் இதுதான். தீபாவளிக்குக்கூடச் சட்டை மாற்ற மறந்துவிடுவேன். இன்று லேத், டிரில்லிங் மிஷின், ஸ்பேனர் வரை எல்லாம் துடைத்து, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று.

ரஞ்சி திங்கட்கிழமை போகிறாள். போவதற்குள் அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவளும் ருக்மணியும் மருதமலைக்குப் போன நேரம் பார்த்து, கீழ்த்தொட்டியில் கை வைத்தேன். ஸ்பாஞ்ச் கன்னங்கரேலென்று இருந்தது. பீங்கான் வளையமெல்லாம் ஒரே பழுப்பு வழவழப்பு. நம் வீட்டில் ஒரு கருவி இப்படி அழுக்காக ஆயுத பூஜை கண்டதே இல்லை. எல்லாவற்றையும் எடுத்து வெந்நீரில் ஊறவைத்தேன். குழாயடியில் வளையம் வளையமாகத் தேய்த்து அலசி மாடி வெயிலில் காயவைத்தேன். பம்புக்கு இன்று ஓய்வு கொடுக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. பட்டறையிலிருந்து வேறொரு பம்பை மாற்றி ஓடவிட்டேன். கிருமிகள் தண்ணீரில் குடியிருக்கின்றன, அவற்றின் வீட்டை வெள்ளையடித்துக் கொடுத்தால் சந்தோஷப்படத்தானே செய்யும்? எல்லாம் பழையபடி மாட்டி, சந்தனம் வைத்து, சாமந்திச் சரம் கட்டினேன். பண்டிகை நாள் என்று மீன்களுக்கும் தீனி தாராளமாகப் போட்டேன்.

ரஞ்சி வந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற வளையம் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"கழுவிட்டீங்களாப்பா?"

"எப்படி!" என்றேன். "சுடுதண்ணியில போட்டு எடுத்தேன்."

அவள் முகத்தில் ஏதோ வந்தது, வந்த வேகத்தில் போனது. "நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். என்ற தப்புங்கப்பா. மன்னிச்சுக்குங்க" என்றாள். எதற்கு மன்னிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. "என்ன சாமி ஆச்சு?" என்றேன். "ஒண்ணும் ஆகாதுங்கப்பா. என்ற தப்புதான்" என்று மறுபடி சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து போனாள்.

பள்ளிக்கூட நாளில் நான் கணக்கு நோட்டைத் தொட்டதற்கே டம்ளரை விட்டெறிந்த பெண் அவள்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

தண்ணீர் இன்றுபோல் என்றும் இருந்ததில்லை. அப்படி ஒரு தெளிவு. ரஞ்சி தீனி போடக் கூடாது என்று டப்பாவை எடுத்து வைத்துவிட்டாள். சாயங்காலம் சில மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அக்டோபர் 13, ஞாயிறு

பச்சை. சோதனைக் குழாயில் கரும்பச்சை.

காலையில் கூழாங்கல் மேல் மீன்கள் வெள்ளி வெள்ளியாகச் செத்துக் கிடந்தன. மற்றவை எல்லாம் மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவிக்கின்றன. அந்தச் சிவப்புக் கோடு வெளுத்துப்போய்விட்டது.

ரஞ்சி இப்போதுதான் சொன்னாள், அதுவும் நான் மூன்று தடவை கேட்ட பிறகு. அந்தக் கிருமிகள் தண்ணீரில் மிதப்பதில்லை. அந்தக் கறுப்பும் வழவழப்பும்தான் அவை. நான் அழுக்கென்று தேய்த்தது அவள் ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த உயிர்.

மாடித் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் இறக்கினோம். கால்வாசிகூட மாற்ற முடியவில்லை. இன்று தண்ணீர் வரும் நாளும் இல்லை. தெருவில் குடம் தூக்கிக்கொண்டு நான் வீடு வீடாகப் போனேன். காபி கிடைக்காமல் போன எதிர்வீட்டு அம்மா நாலு குடம் கொடுத்தார்.

இடையில் ஒருதடவை களைத்துப்போய்த் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். "எத்தன தெளிவா இருக்குது கண்ணு. இதுலயா சாகுது?"

"பாக்கறவங்களுக்குத் தெரியாதுங்கப்பா" என்றாள் ரஞ்சி. வாளியை ஊற்றிக்கொண்டே சொன்னாள், சாதாரணமாகத்தான் சொன்னாள். "உள்ள இருக்கற மீனுக்குத்தான் தெரியும்."

பங்குனியில் அவளைப் பார்க்க ஈரோடு போயிருந்தேன். அந்த வீட்டின் சுத்தம், அமைதி, இலையில் பதினாறு வகை. சம்பந்தியம்மா பக்கத்தில் நின்று நெய் விட்டார். ரஞ்சி கதவோரம் நின்றாள். "நீ சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்டேன். "ம்" என்றாள். அவள் சாப்பிடவில்லை. இன்று இந்தத் தண்ணீரைப் பார்க்கும்போது எனக்கு அது தெரிந்தது. வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

இன்னும் செத்துக்கொண்டிருந்தன. வழி ஒன்றுதான் என்றாள் ரஞ்சி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு தொட்டியின் ஸ்பாஞ்ச் வேண்டும், கழுவாதது. அதில் உள்ளதைப் பிழிந்து இங்கே குடிவைக்க வேண்டும். காலை ஏழு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்தேன். சம்பந்தி வீட்டார் பத்தரைக்கு வருவதாக ஏற்பாடு.

இரண்டு கடை பூட்டியிருந்தது. மூன்றாவதில் ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து உள்ளே போய், "அழுக்கு ஸ்பாஞ்ச் இருந்தாக் குடுங்க தம்பி. எத்தன அழுக்கோ அத்தன நல்லது" என்றேன். கடைக்காரர் என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தார்.

"ஆயுத பூஜைக்குக் கழுவிட்டீங்களா?"

"ஆமாங்க."

"நேத்துல இருந்து நீங்க மூணாவது ஆளுங்க" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல், நாலு தொட்டியிலிருந்து உருவிப் பையில் போட்டுக் கொடுத்தார். கும்பிட்டேன். உண்மையாகவே கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கார். சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஹாலில் நாற்காலி போட்டு அண்ணன், மாப்பிள்ளை, பட்டுப்புடவையில் சம்பந்தியம்மா. தொட்டிக்குப் பக்கத்தில் ரஞ்சி காபித் தட்டோடு நின்றாள். பெட்டி மூன்றும் வாசலோரம் அடுக்கியிருந்தது.

"வாங்க சம்பந்தி" என்றார் அந்த அம்மா. "உங்க தொட்டியத்தான் பாத்துட்டிருக்கறோம். என்னமாத் தெளிவா இருக்குது தண்ணி!"

"நல்லா வெச்சிருக்கறீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. அதே பணிவு. "மீனெல்லாம் மேல வந்து நம்மளயே பாக்குது பாருங்க. நல்லாப் பழகிருச்சு."

நான் மீன்களைப் பார்த்தேன். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ரஞ்சியைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். பையிலிருந்து முதல் ஸ்பாஞ்சை எடுத்தேன். கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக வேட்டியில் சொட்டியது. தொட்டிக்குள் வைத்து இரண்டு கையாலும் பிழிந்தேன். கரும்புகை மாதிரி இறங்கி, ஓட்டத்தோடு நீண்டு, பத்தடியும் கலங்கியது.

"ஐயோ, சம்பந்தி! நல்ல தண்ணியப் போயி…" அந்த அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார்.

"நல்ல தண்ணி இல்லீங்க. பாக்கத்தான் அப்படி இருக்குது."

"சென்னியப்பா, அதைய அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். "எறங்கு. நல்ல நேரம் முடியறதுக்குள்ள புள்ளைய அனுப்பி வெய்யி."

இரண்டாவது ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். "புள்ள வர மாட்டாளுங்கண்ணா."

"என்ன சொல்றே?"

"அவ என்ற வீட்லயே இருக்கட்டும்னு சொல்றேன்."

மாப்பிள்ளை எழுந்தார். ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். கோபப்படுவார், காரணம் கேட்பார், ரஞ்சியிடம் ஒரு வார்த்தை பேசுவார் என்று. அவர் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. நான் அந்த ஸ்டூல் மேல் இல்லாத மாதிரி, என் மகள் அங்கே நிற்காத மாதிரி, நேராக நடந்து காருக்குப் போனார். அரை நிமிஷம்தான். இவள் வாரக்கணக்கில் இதற்குள் நின்றிருக்கிறாள்.

அண்ணன் போகும்போது இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். ருக்மணி பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிப்போனாள். ரஞ்சி காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மிச்ச ஸ்பாஞ்சுகளை வாங்கிக் கீழ்த்தொட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடியும்போதே எழுந்து போய்ப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் கலங்கல். அந்தக் கலங்கலுக்குள் நடு ஆழத்தில் ஒரு சிவப்புக் கோடு மெதுவாக நகர்ந்து திரும்பியது. மேல்மட்டத்தில் ஒன்றுகூட இல்லை. முக்கால்வாசிக்கு மேல் பிழைத்திருக்கின்றன. நேற்று சாயங்காலம் வந்த குழாய்த் தண்ணீரும், யாருடைய தொட்டியிலிருந்தோ வந்த அந்தக் கறுப்பும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறது. நான் இந்தத் தடவை கைகூப்பிவிட்டேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை.

மூன்று நாள் பட்டினி கிடந்த ஜீவன்கள். மகிழ்ச்சி தாங்காமல் தீனி டப்பாவைத் தேடி எடுத்துத் திறந்தேன்.

"கீழ வெய்ங்க அதைய!"

ரஞ்சி. தலை கலைந்து, அறை வாசலில்.

"இல்ல கண்ணு, கொஞ்சூண்டு…"

"கொஞ்சூண்டா? இப்பத்தான் உசுரு பொழச்சு எறங்கியிருக்குது, அதுக்குள்ள தீனியா? உங்களுக்கு ஒரு தடவ பட்டா பத்தாதா? எதைய எடுத்தாலும் கேக்கறதே இல்ல! ஆறு வாரங்கப்பா! ஆறு வாரம் உக்காந்து வளத்துனேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? யாராச்சும் சுடுதண்ணியில போடுவாங்களா? பூ வேற! சாமந்திப்பூ! அத்தன மீனு செத்துச்சு உங்களால, தெரியுமா?"

கத்தினாள். டப்பாவைப் பிடுங்கினாள். கண்ணில் நீர் வழிய வழியக் கத்தினாள். ருக்மணி ஓடிவந்து, என்னைப் பார்த்து, கதவோரத்தில் நின்றுவிட்டாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்பாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கேட்கவில்லை. மறுபடியும் வெந்நீரிலிருந்து ஆரம்பித்தாள்.

நான் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.